டீச்சரைக் கேளுங்கள்: பெமுலிஹான் வகுப்புக்குக் கையெழுத்துப் போடலாமா?

வாசிக்க வராத பிள்ளையை "தானா வந்துரும்" என்று ஆறாம் ஆண்டு வரைக்கும் விட்டு வைக்காதீர்கள் என்று போன மாதம் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குக் கடிதமும் வாட்சாப்புமாக வந்து குவிந்துவிட்டது. சுங்கை சிப்புட் பசாரில் மீன் வாங்கிக் கொண்டிருந்தபோது கூட ஒருவர், மீன்காரரை நிறுக்க விடாமல், மகளின் நோட்டுப் புத்தகத்தைப் போனில் காட்டிக் கேள்வி கேட்டார். அதனால் இந்த மாதம் முழுக்க இதுதான்: வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்குப் பள்ளியில் தனியாகச் சொல்லித் தருகிற பெமுலிஹான் வகுப்பு, சிறப்புக் கல்வி, இந்த மாதிரி. பள்ளி விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக் கொள்ளுங்கள். யார் பெயரையும் போடவில்லை. தோட்டத்தில் ஒரு வீட்டுச் சேதி அடுத்த வீட்டுக்குப் போக எவ்வளவு நேரமாகும் என்று எனக்கும் தெரியும்.

கேள்வி: டீச்சர், என் மகன் இரண்டாம் ஆண்டு. அவனைப் பெமுலிஹான் வகுப்பில் போடப் போகிறோம், கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்று பள்ளியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. "என் பேரனுக்கு என்ன மூளையா சரியில்ல" என்று மாமியார் அழுகிறார். வீட்டுக்காரரும் போடாதே என்கிறார். பையன் வாய் ஓயாமல் பேசுவான், யூடியூபில் பார்த்த கதையை ஒன்று விடாமல் சொல்வான். வாசிக்கச் சொன்னால் மட்டும் வயிறு வலிக்கிறது என்கிறான். என்ன செய்ய?

பதில்: முதலில் கையெழுத்தைப் போட்டுக் கடிதத்தைப் பையனின் புத்தகப் பையில் வையுங்கள் அம்மா. மீதியை அப்புறம் படிக்கலாம்.

உங்கள் மாமியார் பயப்படுவது உண்மையில் பெமுலிஹான் காஸுக்கு இல்லை, பெண்டிடிக்கான் காஸுக்கு, அதாவது சிறப்புக் கல்விக்கு. இரண்டும் காஸ் காஸ் என்று முடிவதால் படித்தவர்களே தடுக்கி விழுகிற இடம் இது. பெமுலிஹான் என்றால் நம் தமிழில் குறைநீக்கல். அதற்கு டாக்டர் கடிதமும் வேண்டாம், மாற்றுத்திறனாளி கார்டும் வேண்டாம். பையன் தன் வகுப்பில்தான் இருப்பான். மொழிப் பாடமோ கணக்குப் பாடமோ நடக்கிற நேரத்தில் மட்டும் இன்னும் சில பிள்ளைகளோடு வேறு அறைக்குப் போய், அதற்கென்றே இருக்கிற ஆசிரியரிடம், எந்த இடத்தில் விட்டானோ அந்த இடத்திலிருந்து படிப்பான். வந்துவிட்டது என்று சோதித்துப் பார்த்ததும் முழு நேரமும் வகுப்புக்கே திரும்பிவிடுவான். பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுப் பிள்ளைகளுக்குத்தான் இந்த வகுப்பு, அதாவது உங்கள் பையனுக்குக் காலம் அதிகம் இல்லை. சிறப்புக் கல்வி வேறு வாசல். அதற்கு டாக்டரோ அந்தத் துறை நிபுணரோ பரிசோதித்து எழுதித் தர வேண்டும். யாரும் உங்களுக்குத் தெரியாமல் பையனை அதற்குள் தள்ளிவிட முடியாது.

வாய் ஓயாமல் பேசுகிறான் என்கிறீர்களே, அதனால்தான் சொல்கிறேன். பேச்சு காதில் விழுந்தே வந்துவிடும், வாசிப்பு அப்படி வராது, யாராவது உட்கார்ந்து சொல்லித் தர வேண்டும். அதிலும் நம் எழுத்து சும்மா இல்லை. 'கொ' என்று எழுதினால் கண் முதலில் பார்ப்பது கொம்பை, பிறகு க, கடைசியில் கால். ஆனால் வாய் 'க்'கில் ஆரம்பித்து 'ஒ'வில் முடிக்கிறது. கண் ஒரு வரிசையில் போக வாய் இன்னொரு வரிசையில் போகிறது. நமக்கு அது பழகிப் போய்விட்டதால் தெரியவில்லை, ஏழு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். இதோடு ன, ண, ந என்று மூன்று, ல, ள, ழ என்று மூன்று. மலாய்க்கு வந்தால் வேறு வம்பு. 'ப' என்ற எழுத்தின் பெயரே 'ப'தான், ரூமியில், அதாவது மலாய் எழுதுகிற ஆங்கில எழுத்தில், அப்படி இல்லை. எழுத்தின் பெயர் 'பி', ஓசை 'ப்'. அதனால் பிள்ளைகள் "பி ஓ போ, எல் ஏ லா, போலா" என்று ராகம் போட்டுப் பாடுகிறார்கள், நாமும் வாசிக்கிறான் என்று சந்தோஷப்படுகிறோம். இன்று ராத்திரி ஒரு வேலை செய்யுங்கள். 'போ'வை விரலால் மறைத்துவிட்டு 'லா'வை மட்டும் காட்டிக் கேளுங்கள். முழித்தால், அவன் வாசிக்கவில்லை, பாட்டு மனப்பாடம்.

இந்த விஷயத்தில் எனக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. தொண்ணூறுகளில், நான் இந்த வகுப்புக்கெல்லாம் வருவதற்கு முன்னால், ஒரு பையனை இரண்டு வருஷம் பின்பெஞ்சில் உட்கார வைத்திருந்தேன். அடித்தும் பார்த்தேன், சோம்பேறி என்று அவன் அப்பாவிடம் சொல்லியும் விட்டேன். போன வருஷம் போஸ்டாபீஸில் பார்த்தேன், வணக்கம் சொன்னான், கையில் இருந்த பாரத்தை என்னிடம் நீட்டி, "கண்ணாடிய மறந்துட்டேன் டீச்சர், நீங்களே எழுதிக் கொடுங்க" என்றான். முப்பத்தைந்து வயசு இருக்கும். வாரத்தில் இரண்டு நாளாவது அவனைக் கடைவீதியில் பார்ப்பவள் நான், கண்ணாடி போட்டு ஒரு நாளும் பார்த்ததில்லை. எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றைக்கு வீட்டில் சமைக்கப் பிடிக்கவில்லை.

பள்ளிக்குப் போகும்போது டீச்சரிடம் "எப்படிப் படிக்கிறான்" என்று கேட்காதீர்கள், "பரவாயில்லம்மா" என்றுதான் பதில் வரும். "எந்த எழுத்தில் நிற்கிறான்" என்று கேளுங்கள். 2010-இல் எழுத்தறிவுக்கென்று லீனுஸ் திட்டம் வந்தபோது எழுத்தை அடையாளம் காண்பதிலிருந்து வாக்கியம் எழுதுவது வரை 12 படி வைத்துப் பிள்ளைகளைச் சோதித்தோம். பாரம் நிரப்பி நிரப்பிக் கை ஓய்ந்தது, திட்டாத ஆசிரியர் கிடையாது. ஆனால் எந்தப் படியில் நிற்கிறான் என்று கேட்கிற புத்தி எனக்கு அதில்தான் வந்தது. லீனுஸ் போய்விட்டது, அந்தக் கேள்வியை மட்டும் நான் வைத்துக் கொண்டேன்.

வீட்டில் 247 எழுத்தும் இருக்கிற அட்டையை மாட்டி வைத்திருந்தால் கழற்றி விடுங்கள். ட, ப, ம, இந்த மூன்றோடு தொடங்குங்கள். கோடு கோடாக வருகிற எழுத்து, கை சுலபமாகப் போகும். மூன்று எழுத்தும் ஒரு புள்ளியும் இருந்தால் படம், மடம், பட்டம் எல்லாம் வந்துவிடும். தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி விரலால் எழுதச் சொல்லுங்கள், எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லட்டும். பத்து நிமிஷம் போதும். பதினோராவது நிமிஷம் உங்களுக்குக் கோபம் வந்துவிடும், எனக்கே வரும். அப்புறம் அந்த வயிற்று வலி பொய் என்று மட்டும் திட்டாதீர்கள். பயத்தில் வயிறு நிஜமாகவே வலிக்கும்.

கேள்வி: வணக்கம் டீச்சர். நான் செம்பனை லாரி ஓட்டுகிறேன். மகள் மூன்றாம் ஆண்டு. இரண்டு வருஷம் பெமுலிஹானில் இருந்தும் ஒரு வரி வாசிக்க மாட்டேங்கிறாள். டீச்சர் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம், டிஸ்லெக்சியா என்று எழுதி, ஓ.கே.யூ. கார்டு, அதான் மாற்றுத்திறனாளி கார்டு, போடச் சொல்கிறார்கள். பொம்பளப் பிள்ளை டீச்சர். நாளைக்கு ஒரு கல்யாணம் காட்சி என்று வரும்போது இந்தக் கார்டு குறுக்கே நிற்காதா?

பதில்: ஐயா, வேலைக்கு ஒரு நாள் லீவு போட்டு ஆஸ்பத்திரியில் காத்திருந்து பார்த்திருக்கிறீர்கள். பாதி அப்பாக்கள் டீச்சர் சொன்ன அன்றைக்கே டீச்சரோடு சண்டை போட்டுவிட்டு வந்துவிடுவார்கள்.

டிஸ்லெக்சியா நோய் இல்லை, அதற்கு மாத்திரையும் இல்லை, மந்திரிக்கவும் வேண்டாம். காதில் விழுகிற ஓசையையும் கண்ணில் படுகிற எழுத்தையும் மூளை முடிச்சுப் போட்டுப் பிடிக்க வேண்டும், இந்தப் பிள்ளைகளுக்கு அந்த முடிச்சு இறுக நாளாகும். அறிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. குடும்பத்தில் வருவதும் உண்டு, எங்காவது ஒரு சித்தப்பா "எனக்குப் படிப்பே ஏறல" என்று சொல்லிக் கொண்டு எஞ்சினைப் பிரித்து மாட்டிக் கொண்டிருப்பார், விசாரித்துப் பாருங்கள்.

கார்டுக்கு வருவோம். 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி சமூக நல இலாகாவில் பதிவு செய்து தருவது இது. காது, கண், பேச்சு, உடல், கற்றல் சிக்கல், மனநலம், ஒன்றுக்கு மேற்பட்டது என்று ஏழு பிரிவு, டிஸ்லெக்சியா கற்றல் சிக்கலில் வருகிறது. ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், துறுதுறுவென்று ஓர் இடத்தில் நிற்காத ஏ.டி.எச்.டி. பிள்ளைகள் எல்லாரும் அதே பிரிவுதான். அது தனிக் கார்டு. அடையாள அட்டையான மைகார்டில் ஒன்றும் ஏறாது. கல்யாணத்துக்கு வருகிறவர்கள் சமூக நல இலாகாவில் போய் விசாரித்துவிட்டா வருகிறார்கள்? நம் ஆட்கள் ஜாதகத்தைப் பார்ப்பார்கள், நகையைப் பார்ப்பார்கள். கார்டு பேசாது, அக்கம்பக்கம்தான் பேசும், அது கார்டு இல்லாவிட்டாலும் பேசும்.

கட்டாயமும் இல்லை. போட்டால் அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணம் இல்லை, பாஸ்போர்ட்டுக்குப் பணம் இல்லை, ரயிலில் பாதிக் கட்டணம். இதெல்லாம் ஓரம். முக்கியம் என்னவென்றால், சிறப்புக் கல்வி மாணவியாகப் பதிவானால் மாதம் 150 வெள்ளி உதவித் தொகை உண்டு, பிற்காலத்தில் பெரிய பரீட்சைகளில் கூடுதல் நேரம் கேட்க வழி இருக்கிறது. அந்தக் கூடுதல் நேரத்தின் அருமை, ஒரு கேள்வியை மூன்று தடவை வாசித்தால்தான் புரியும் என்கிற பிள்ளைக்குத்தான் தெரியும். டாக்டர் இப்போது எழுதித் தந்திருக்கிற தாளைப் பத்திரமாக வையுங்கள், நகல் நாலு எடுத்து வையுங்கள்.

ஆனால் கார்டு கையில் வந்ததும் உடனே சிறப்புக் கல்வி வகுப்பில் கொண்டு போய் உட்கார வைத்துவிடாதீர்கள். அந்த வகுப்பில் பலவிதமான பிள்ளைகள் ஒன்றாக இருப்பார்கள். பேச்சே வராத பிள்ளையும் இருக்கும், உங்கள் மகளைப் போல வாசிப்பு மட்டும் தடுக்குகிற பிள்ளையும் இருக்கும். இன்னொரு வழி இருக்கிறது, இன்குளூசிப் என்பார்கள். சாதாரண வகுப்பிலேயே உட்கார்ந்து, தேவைப்படுகிற இடத்தில் மட்டும் உதவி. உங்கள் மகளுக்கு எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது, நேரில் பார்க்காமல் சொல்கிறேன், அவள் டீச்சரோடு பேசி முடிவெடுங்கள். இன்னொரு சங்கடம், சிறப்புக் கல்வி வகுப்பு எல்லாத் தமிழ்ப்பள்ளியிலும் கிடையாது. நம் மாதிரி ஊரில் பக்கத்தில் இருப்பது மலாய்ப் பள்ளியாக இருக்கலாம். அப்படியானால் தமிழ் போய்விடுமே என்று ஒரு வருஷத்தை வீணாக்காதீர்கள். நான் தமிழ்ப்பள்ளியிலேயே ஆயுசு முழுக்க இருந்தவள், எனக்கு அது சொல்ல வாய் கசக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். பிள்ளைக்கு எங்கே ஆள் இருக்கிறதோ அங்கே போகட்டும், தமிழை வீட்டில் வைத்துக் கொள்ளலாம்.

கேள்வி: நான் பணியில் சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது, குறைநீக்கல் ஆசிரியை. எனக்குத் தந்த அறையில் பாதி பழைய மேசையும் விளையாட்டுப் போட்டித் தினக் கூடாரமும். யாராவது வரவில்லை என்றால் முதலில் என்னைத்தான் மாற்று ஆசிரியையாக அனுப்புகிறார்கள், அன்றைக்கு என் பிள்ளைகளுக்கு வகுப்பு இல்லை. தலைமையாசிரியரிடம் எப்படிப் பேசுவது?

பதில்: தங்கச்சி, இது எல்லாப் பள்ளியிலும் இல்லை, ஆனால் உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையாட்டப் போகிறவர்கள் நிறைய. சின்னப் பள்ளிகளில் ஆசிரியர் எண்ணிக்கையே கை விரலுக்குள் அடங்கும், தலைமையாசிரியரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. அதற்காகச் சும்மா இருக்காதே. சண்டைக்குப் போகாதே, ஒரு நோட்டைத் திற. எந்தத் தேதி, எந்த வகுப்புக்கு மாற்றாகப் போனாய், அன்றைக்கு எந்தப் பிள்ளைக்கு வகுப்பு போயிற்று, அவ்வளவுதான். ஒரு மாதம் கழித்து அதை மேசையில் வைத்து, "சார், இந்தப் பிள்ளைக்கு 16 வகுப்பு நடந்திருக்கணும், 7தான் நடந்திருக்கு, அடுத்த சோதனையில தேறலைன்னா நான் என்ன எழுதட்டும்?" என்று கேள். எண் வைத்துப் பேசினால் யாராக இருந்தாலும் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அறைக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தைப் பிடி. கூடாரத்தை எடுத்துப் போக ஒரு லாரியும் இரண்டு இளவட்டமும் போதும், தோட்டத்தில் அதற்கா பஞ்சம்? அப்புறம், பிள்ளைகள் உன் அறைக்குத் தனியாக நடந்து வரும்போது மற்ற வகுப்புச் சன்னல்களிலிருந்து கிண்டல் பண்ணுவார்கள். முதல் வாரம் நீயே போய்க் கூட்டி வா. நான் ஒரு தந்திரம் செய்வேன், நன்றாகப் படிக்கிற ஒன்றிரண்டு பிள்ளைகளையும் "கதை சொல்ல வாங்க" என்று சேர்த்துக் கூப்பிடுவேன். கொஞ்ச நாளில் "டீச்சர் நான் எப்ப வர்றது" என்று மற்றதெல்லாம் கேட்க ஆரம்பித்துவிடும்.

கேள்வி: ஆட்டிசம் உள்ள எங்கள் மகனை ஒரு பள்ளியில் சேர்க்கப் போனோம். "எங்களிடம் ஆள் இல்லை, வேறு இடம் பாருங்கள்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். இப்படிச் சொல்லலாமா?

பதில்: சொல்லக் கூடாது. ஆரம்பக் கல்வி 2003 முதல் இந்த நாட்டில் கட்டாயம், 2019-இலிருந்து சிறப்புத் தேவையுள்ள பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது கல்வி அமைச்சின் கொள்கை, சிஃபார் பெனோலாக்கான் என்பார்களே, அது. 2013-இல் வந்த சிறப்புக் கல்வி விதிமுறைகளின்படி பிள்ளைக்கு எந்த வகுப்பு ஒத்துவரும் என்று வைத்துப் பார்க்கலாம், அந்தக் காலமும் மூன்று மாதத்துக்கு மேல் போகக் கூடாது. பார்க்காமலே அனுப்புவதற்கு அதில் இடமில்லை. வாசலில் நின்று பேசாதீர்கள். டாக்டர் தாளோடு மாவட்டக் கல்வி இலாகாவுக்கு, அதான் பிபிடி, அங்கே சிறப்புக் கல்வியைப் பார்க்கிற அதிகாரி யார் என்று கேட்டு அவரிடம் எழுத்தில் கொடுங்கள், பெற்றுக் கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். பேச்சு வாயோடு போகும், முத்திரை போட்ட தாளுக்கு யாராவது பதில் எழுதியாக வேண்டும். கூடவே ஒன்று, ஆள் இல்லை என்று அவர்கள் சொன்னது பொய்யாக இருக்காது. அதனால் எந்தப் பள்ளியில் ஆள் இருக்கிறது என்பதையும் அதே அதிகாரியிடம் கேளுங்கள். வீட்டுக்குப் பக்கம் என்பதற்காக, பிள்ளையைப் பார்த்துக் கொள்ளத் தெரியாத இடத்தில் பிடிவாதமாகச் சேர்த்து யாருக்கு லாபம்?

கேள்வி: பேரனுக்கு நாலு வயது ஆகிறது, இன்னும் நாலு வார்த்தைதான் பேசுகிறான், கூப்பிட்டால் திரும்புவதில்லை. "அவங்கப்பனும் அஞ்சு வயசுலதான் பேசினான்" என்கிறேன், மருமகள் கேட்க மாட்டேங்கிறாள்.

பதில்: மருமகள் சொல்வதைக் கேளுங்கள் அக்கா. இந்த வாரமே அரசாங்க கிளினிக்கில் காட்டுங்கள், ஒரு வெள்ளிதான் செலவு. கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் முதலில் காது, அதைப் பார்க்கச் சொல்லுங்கள். காதில் சீழ் பிடித்தே பல மாதம் பாதி காதோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகளை வகுப்பில் பார்த்திருக்கிறேன். காது சரி என்றால் அடுத்தது என்ன என்று அவர்களே ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருவார்கள். பிரச்சினை ஒன்றும் இல்லை என்று வந்தால் நீங்கள் மருமகளைக் கேலி பண்ணிக் கொள்ளலாம், நான் குறுக்கே வரமாட்டேன்.

கேள்வி: வல்லாரை மாத்திரை சாப்பிட்டால் ஞாபக சக்தி வரும் என்று ஒருவர் 180 வெள்ளிக்குத் தருகிறார். மகள் நாலாம் ஆண்டு, கரும்பலகையில் எழுதுவதைத் தப்புத் தப்பாகப் பார்த்தெழுதுகிறாள். புத்தகம் என்றால் ஓரளவு வாசிக்கிறாள். வாங்கலாமா?

பதில்: பசாரில் பெகாகா என்று கட்டுக் கட்டாக விற்கிறதே, அதுதான் வல்லாரை. தேங்காய் வைத்துத் துவையல் அரையுங்கள், சோற்றுக்கு அருமையாக இருக்கும். மீதிப் பணத்தோடு மகளைக் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப் போங்கள். புத்தகத்தில் வாசிக்கிறாள், பலகையில் தப்புகிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தூரத்தில் எதையாவது பார்க்கும்போது கண்ணைச் சுருக்குகிறாளா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.